கைப்பேசிச் செய்திக்கும் ஸனது வேண்டும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

முன்பெல்லாம் நம் மஹல்லாவில் ஒரு மவ்த் நிகழ்ந்தால், வீடு வீடாகச் சென்று சொல்ல ஆள் வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள உறவினருக்குத் தந்தி கொடுக்க வேண்டும். வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனுக்குச் செய்தி எட்டும்போது ஜனாஸா அடக்கம் முடிந்து நாள்கள் ஆகியிருக்கும். இன்று வாட்ஸ்அப் வழியாகச் சில நொடிகளில் செய்தி சேர்ந்துவிடுகிறது. இரத்தம் தேவைப்படும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் கொடையாளர் கிடைத்துவிடுகிறார். இது அல்லாஹ் நமக்களித்த நிஃமத் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு நிஃமத்தைப் பற்றியும் நாளை மறுமையில் கேள்வி உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அண்டை மாவட்டத்தில் நடந்தது

நமக்கு அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்து அத்திமூர் என்றோர் ஊர் உள்ளது. 2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், மலேசியாவிலிருந்து வந்த உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்றுகொண்டிருந்தார். வழியில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். குழந்தை கடத்தும் கும்பல் வந்துவிட்டது என்று கூக்குரல் எழுந்தது, ஊர் திரண்டு அடித்தது, மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் இதே சந்தேகத்திற்குப் பலியானார்.

அடித்த கைகள் சில. ஆனால் அதற்குப் பல நாள்கள் முன்பிருந்தே, குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்ற குரல் பதிவுகளையும் காணொளிகளையும் அனுப்பிக்கொண்டிருந்த விரல்கள் எத்தனை! அக்காலத்தில் பல மாநிலங்களில் பரவிய ஒரு காணொளி, பாகிஸ்தானின் கராச்சி நகரில் பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காக எடுக்கப்பட்ட குறும்படம். மோட்டார் சைக்கிளில் வந்து குழந்தையைத் தூக்கிச் சென்றவர், கடைசியில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு அறிவுரைப் பலகையைக் காட்டுவார். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார். மீதியை மக்கள் நம்பினர். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தீயவர்கள் அல்லர். 'நம் பிள்ளைகளைக் காப்போம்' என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களே. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஸனதின் உம்மத் நாம்

அன்பர்களே! செய்தியைச் சோதித்து ஏற்பது நமக்குப் புதிய பாடமன்று. பாஸிக்கான ஒருவர் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தும் நிலை வரலாகாது என்று சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே பதிவு செய்துள்ளார்கள்.

ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களைச் சென்றடைந்தார்கள். நமக்கோ ஒரு செய்தியை முழுமையாகப் படிப்பதற்குக்கூடப் பொறுமையில்லை; அதற்குள் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம்.

முஹத்திஸுகள் ஒரு செய்தி வந்தால் முதலில் ஸனதைக் கேட்டார்கள். யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்ததுண்டா? அறிவிப்பாளர் நம்பகமானவரா? தொடரில் ஒருவர் விடுபட்டாலோ, இன்னார் என்று அறியப்படாதவராக இருந்தாலோ, அச்செய்தியை ஆதாரமாகக் கொள்ளத் தயங்கினார்கள். 2018ஆம் ஆண்டு முதல் வாட்ஸ்அப்பில், பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்தியின் தலையில் 'முன்னனுப்பப்பட்டது' என்ற குறிப்பு தோன்றுகிறது. அதன் பொருள் என்ன? இதை எழுதியவர் உமக்கு அனுப்பியவர் அல்லர். மூலவர் யாரென்று தெரியவில்லை என்பதே. அக்குறிப்பே நமக்கோர் எச்சரிக்கை.

சிலர், "பத்துக் குழுக்களில் வந்துவிட்டது, பொய்யாக இருக்குமா?" என்கிறார்கள். முதவாதிர் என்பது, தலைமுறைதோறும் பலர் தனித்தனியே அறிவிப்பதாகும். பத்துக் குழுக்களில் வந்தது ஒரே அடையாளமற்றவரின் ஒரே செய்தி. பத்து முறை நகலெடுக்கப்பட்டதால் சாட்சி பத்தாகிவிடாது.

நம் ஊருக்கே இதில் ஒரு முன்மாதிரி உண்டு. நம் ஊர்ச் சைவச் சகோதரர்கள் போற்றும் பெரியபுராணத்தில், சுந்தரர் மீது ஓர் ஓலையைக் காட்டி முதியவர் ஒருவர் தொடுத்த வழக்கு, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் விசாரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை எங்கே என்று சபையோர் கேட்டனர். மூல ஓலை வந்த பின்னும், அதன் எழுத்தைப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்பளித்தனர். கொள்கையால் நாம் வேறுபடினும், படியை நம்பாமல் மூலத்தைக் கேட்டல் என்ற நெறி இந்த மண்ணுக்குப் பழையது.

மார்க்கத்தின் பெயரால் வருபவை

மதீனாவில் ஷேக் அஹ்மது என்பவர் கண்ட கனவு என்றொரு செய்தி, நூறாண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றி வருகிறது. இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் வரும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும் என்று அது மிரட்டும். அஞ்சலட்டையாக, அச்சு நோட்டீஸாக, குறுஞ்செய்தியாக வந்தது இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. உலமாக்கள் பலமுறை மறுத்தும் அது ஓயவில்லை. சவூதி அரேபியாவின் ஷேக் இப்னு பாஸ் தனியே எழுதியே மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவரின் தங்குமிடம் நரகம் என்ற எச்சரிக்கை நமக்குத் தெரியும். அப்படியிருக்க, நூற்பெயரும் எண்ணும் இல்லாத 'ஹதீஸ்'களை நன்மை நாடி அனுப்புவது எப்படி நன்மையாகும்?

பழியின் வலி நமக்குத் தெரியும்

2020ஆம் ஆண்டு கொரோனா பரவிய தொடக்கத்தில், டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காரணம் காட்டி நம் சமுதாயத்தின் மீது எத்தகைய செய்திகள் பரவின! தொடர்பே இல்லாத பழைய காணொளிகளைக் காட்டி, உணவில் எச்சில் உமிழ்கிறார்கள் என்றார்கள். வண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமைச் சில ஊர்களில் தெருவுக்குள் விட மறுத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. ஆயினும் தீர்ப்பு, பழி சென்ற இடமெல்லாம் சென்று சேரவில்லை. அந்த வலியை அறிந்த நாம், இன்னொரு சமுதாயத்தாரைப் பற்றியோ, பக்கத்து வீட்டாரைப் பற்றியோ ஆதாரமின்றி ஒரு வரி அனுப்பலாமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கட்டியவன் நயவஞ்சகன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதைக் கைமாற்றியவர்களுள் முஃமின்களும் இருந்தார்கள். அன்னை அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அறியாததை நாவுகளால் பரப்பி அதை அற்பமாகக் கருதியவர்களை சூரா நூர் கடுமையாகக் கண்டித்தது. அபூ அய்யூப் (ரலி) அவர்களோ, தம் மனைவியார் அப்பேச்சைக் குறித்துக் கேட்டபோது, அது பொய் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இன்று ஒரு பெண்ணின் நிழற்படமோ, ஒரு குடும்பத்தின் தலாக் விவகாரமோ, பேசி முடித்த நிக்காஹைப் பற்றிய வதந்தியோ நம் கைக்கு வரும்போது, நாம் இப்னு உபையின் சங்கிலியில் ஒரு கண்ணியா, அல்லது அபூ அய்யூபைப் போல அதை நிறுத்துபவரா?

'அழித்துவிட்டால் போயிற்று' என எண்ண வேண்டாம். நாம் அழிப்பதற்குள் பிறர் படம் எடுத்திருப்பார். ஒருவர் தாம் எழுதாத அவதூற்றைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்துவிட்டு, பின்னர் நீக்கி மன்னிப்பும் கேட்ட வழக்கில், அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு என்று 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கூறி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உலக நீதிமன்றமே விடாதபோது, நன்மை தீமை எழுதும் மலக்குகளின் ஏடு விடுமா?

ஆகவே நாம் அனைவரும் இவற்றை உறுதி கொள்வோம்:

1. மூலவர் தெரியாத செய்தியை அனுப்புவதில்லை. தெரியாவிட்டால் அது நம் கைப்பேசியிலேயே நிற்கட்டும்.

2. ஹதீஸ் என்று வருவதை ஆலிமிடம் கேட்டறியாமல் பகிர்வதில்லை.

3. ஜனாஸா, நிக்காஹ் அறிவிப்புகளைக் குடும்பத்தாரிடமோ நிர்வாகத்தாரிடமோ உறுதி செய்த பின்னரே ஜமாஅத் குழுவில் இடுவோம்.

4. கலவரம், கடத்தல் என்று பதற்றமூட்டும் செய்தி வந்தால், குழுவுக்கு அல்ல, காவல் நிலையத்திற்குத் தெரிவிப்போம்.

5. தவறென்று தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேருக்கும் மறுப்பையும் அனுப்புவோம்.

இளைஞர்களே! வீட்டுப் பெரியவர்கள் தவறான செய்தியை அனுப்பினால் ஏளனம் செய்யாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து பணிவோடு விளக்குங்கள். பெரியவர்களே! பிள்ளைகள் எடுத்துச் சொன்னால் கோபிக்காமல் கேளுங்கள்.

நாவையும் விரலையும் பேணி, நம்மால் எவருடைய உயிருக்கும் மானத்திற்கும் தீங்கு நேராமல் வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.