மூடாமல் விட்ட மண்டையோடு

(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டண விவாதம் முடிந்து காபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மண்டையோட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் நம் செயலாளர். சுருக்கமாகவே சொல்கிறேன்.

பைக் விபத்திலோ பெரிய பக்கவாதத்திலோ மூளை வீங்கினால், மண்டைக்குள் அதற்கு இடம் போதாது. அழுத்தத்தைக் குறைக்க, உள்ளங்கை அகலத்துக்கும் மேலாக எலும்பை எடுத்துவிட்டு, தோலை மட்டும் தைத்து அனுப்புவோம். நோயாளி பிழைத்து வீட்டுக்கு வருவார். வீக்கம் வடிந்ததும் தலையின் ஒரு பக்கம் பள்ளமாகும். "பிழைத்ததே போதும், இன்னொரு ஆபரேஷனா?" என்று பல குடும்பங்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன.

அந்த இரண்டாவது ஆபரேஷன் அழகுக்காக மட்டும் அல்ல. எலும்பு இல்லாத இடத்தில் மூளைக்குக் காவல் கிடையாது. சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல், கைகால் பலவீனம்கூட வரும். எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகும். மூடிய பிறகு இவற்றில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் உண்டு. வீக்கம் வடிந்து, கிருமித்தொற்று இல்லையென்றால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மூடலாம்.

எதனால் மூடுவது? முதல் தேர்வு சொந்த எலும்பு. அதை மைனஸ் 80 டிகிரி குளிரில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், உண்மைதான்! டிஸ்சார்ஜ் ஆகும்போதே எலும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளைவு கச்சிதமாகப் பொருந்தும், செலவும் குறைவு. ஆனால் சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, வைத்த எலும்பு கரைந்துபோவதுண்டு.

1668-இல் வெளிவந்த ஒரு டச்சு மருத்துவ நூலில், ரஷ்யப் பிரபு ஒருவருக்கு நாயின் மண்டையோட்டு எலும்பை வைத்து மூடிய செய்தி இருக்கிறது. தேவாலயம் அவரை விலக்கி வைத்ததாம். எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்பி வந்தபோது, அது நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டதாம்.

சொந்த எலும்பு நொறுங்கியிருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ செயற்கைப் பொருள்தான். போன் சிமென்ட் என்பது பல்செட் செய்யும் அதே அக்ரிலிக் வகை. விலை குறைவு, மாவுபோல் பிசைந்து வடிவம் கொடுக்கலாம். இறுகும்போது சூடாகும் என்பதால் நீர் விட்டுக் குளிர்விப்போம். டைட்டானியம் வலை மெல்லியது, உறுதியானது. பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். 'பீக்' என்ற உயர்ரக பிளாஸ்டிக்கை, சி.டி. ஸ்கேன் அளவு வைத்து அவரவர் தலைக்கென்றே செய்கிறார்கள், விலை அதிகம். விலை கூடியதுதான் நல்லது என்று கடன் வாங்காதீர்கள். எதை வைத்தாலும் தொற்று வந்தால் எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது ஆபரேஷனும் காப்பீட்டில் அடங்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

நம் வளாகத்தில் அப்படி ஒருவர் நடைபயிற்சிக்கு வந்தால், ஹெல்மெட் போட்டிருப்பதைப் பார்த்துக் கேலி செய்ய வேண்டாம். தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். அவர் நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் கிரிக்கெட்டை மறுபக்கம் வைத்துக்கொள்ளட்டும். கேள்விகள் இருந்தால் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள்.