நாடியை எண்ணிப் பாருங்கள்



நூற்றாண்டு விழாவிலும் வருத்தத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று சலிக்காதீர்கள். வலக்கை விரல்கள் இரண்டை இடது மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வையுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை வரலாம். இந்த மண்டபத்தில் சற்றுக் கூடத்தான் வரும். வெக்கை, மாடிப்படி, குடித்த கோப்பி, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் கண்ட சிநேகிதி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும்.

துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணு ஒன்று இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. தனியே விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தரம் அடிக்கும். மூளையிலிருந்து வரும் வேகசு நரம்பே அதை அடக்கி வைத்திருக்கிறது. பயத்திலும் ஓட்டத்திலும் அந்தப் பிடி தளர்கிறது; அதிரினலின் விரட்டுகிறது. நீண்டகாலம் ஓடிப் பயின்றவர்களுக்கு 50க்குக் கீழும் இருக்கலாம், அது நோயல்ல. இல்ல விளையாட்டுப் போட்டிகளில் கிண்ணம் வாங்கிய அக்காமார் மகிழ வேண்டாம்: ஓட்டத்தை விட்டால் அந்த வரமும் போய்விடும்.

நான் சொல்ல வந்தது ஓய்விலும் வேகமாக அடிக்கும் நாடியைப் பற்றி. எங்கள் வயதுப் பெண் "நெஞ்சு படபடக்குது" என்றால், "நீ கனக்க யோசிக்கிறாய்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். யோசனையும் காரணமாகலாம். ஆனால் மாதவிடாய் மிகுதியால் இரத்தச்சோகை வந்தவளுக்கும், தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்பவளுக்கும், தைரொக்சின் மாத்திரை கூடிப்போனவளுக்கும் இதே படபடப்புத்தான். இவற்றை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். அதைச் செய்யாமல் மனசைக் குற்றஞ்சாட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாளை காலை படுக்கையை விட்டு எழுமுன் மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் 100க்கு மேல் என்றாலோ, தாளம் தப்பி அடித்தாலோ வைத்தியரிடம் போங்கள்.

அற்றனலோல் போன்ற மருந்துகள் நாடியைக் குறைக்கும். இன்சுலின் போடும் அம்மாமாருக்குச் சீனி இறங்கும்போது வரவேண்டிய படபடப்பையும் அவை மறைத்துவிடும். வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கடைசியாக டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் இந்நோயாளராகப் பதிவானார்கள். சாதாரணமாகக் காய்ச்சல் ஒரு பாகை செல்சியசு ஏறினால் நாடி சுமார் 10 ஏறும். காய்ச்சல் விட்டால் இறங்கும். டெங்குவில் இது மாறி நடக்கலாம். மூன்றாம் நாளுக்குப் பின் உடம்புச் சூடு தணிந்ததென்று வீட்டார் ஆறுதலடையும் நேரத்தில், கைகால் குளிர்ந்து, நாடி வேகமாகவும் மெலிவாகவும் ஓடினால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று எண்ண வேண்டும். விடியட்டும் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு நாடி இயல்பாகவே வேகம். சுகமாக இருக்கும் நாளில், நித்திரையில் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காய்ச்சல் நாளில் ஒப்பிட அது உதவும்.