பேரிகைக்கு வரவேண்டிய மருந்து



இலக்கிய மேடையில் மனநல மருத்துவத்துக்கான அரசு நிதியைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இறைவனையே 'பித்தன்' என்று உரிமையோடு விளித்தவர் சுந்தரர். அதே சொல்லைத் தெருவில் நடக்கும் ஒருவன்மீது வீசினால் அது கல்லாகிவிடுகிறது. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே வசையாயிற்று. அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதன்றி அவ்வூர் செய்த குற்றம் வேறில்லை.

மதிலுக்குள் இடம் கிடைக்காதவர்க்குச் சங்கிலி கிடைத்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. வரவேற்கிறேன். ஆயினும், அத்தகைய இடத்தில் மகனைக் கொண்டுபோய் விட்ட தாய் கொடியவள் அல்லள். வீட்டருகே மருந்து கிடைத்திருந்தால் அவள் அத்தனை தொலைவு போயிருக்க மாட்டாள் என்றே கருதுகிறேன்.

இனி நம் பேரிகைக்கு வருவோம். ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணும், ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரும் வீட்டில் ஒருவர்க்கு மனம் பிறழ்ந்தால் முதலில் நினைப்பது பெங்களூரை. அங்குள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் நிற்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை! பெயரளவில் இத்தனை அண்மை. நடைமுறையிலோ, இரண்டு மூன்று பேருந்து மாறவேண்டும். நோயாளியோடு துணைக்குச் செல்பவர்க்கும் ஒரு நாள் கூலி போகும். மூன்றாம் மாதம் பயணம் நிற்கிறது, மாத்திரையும் நிற்கிறது, நோய் திரும்புகிறது. 'மருந்து கேட்கவில்லை' என்று ஊர் பேசுகிறது. கேட்காதது மருந்தன்று, பயணச் செலவுதான்.

வழி தெரியாமல் இல்லை. நம் எல்லைக்கு அப்பால், ஆனேக்கல் பகுதியிலுள்ள சகலவாராவில் 1976இலேயே நிம்ஹான்ஸ் ஒரு கிராம மனநல மையத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் ஊழியரையும் பயிற்றினால், பெரும்பாலான நோயாளிகளை ஊரிலேயே பேணலாம் என்பதை 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திக்காட்டினர். அதையொட்டி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழகத்தில் முதலில் திருச்சிராப்பள்ளி சேர்ந்தது.

பணம் எங்கே போகிறது? 2023-24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் நிம்ஹான்ஸுக்கு 721 கோடி ரூபாய். தொலைபேசிவழி மனநலச் சேவைக்கு 134 கோடி. இரண்டும் வேண்டியவையே. மாவட்டத் திட்டமோ தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பெருந்தொகைக்குள் கரைந்துவிடுகிறது. தனி வரியாகக் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத தொகையைக் குறைத்தாலும் கேட்பார் யார்? 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டது. தொலைபேசியில் 14416 எண்ணை அழைத்தால் ஆறுதலும் ஆலோசனையும் கிடைக்கும். மாத்திரை தொலைபேசி வழியே வாராது.

சட்டத்திலும் ஓர் இடைவெளி. பட்டியலிட்ட மனநல மருந்துகள் எக்காலத்தும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்னும் அதன் வாக்குறுதி சமுதாய நல மையத்திலிருந்து மேல்நோக்கித்தான் செல்கிறது. நம்மூர் மக்களோ கீழ்ப்படியில் நிற்கிறார்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. மருத்துவர் எழுதித்தந்த மனநல மாத்திரையும் அதே பையில், அதே ஊழியர் கையால், மாதந்தோறும் வீடு வந்து சேரட்டும். அதற்குரிய தொகை தனித் தலைப்பில் ஒதுக்கப்படட்டும். புதிய கட்டடமும் திறப்பு விழாவும் இதற்குத் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் விரைவதில்லை!

அடுத்த கிராம சபையில் வைப்பதற்காக இக்கோரிக்கையைத் தீர்மான வடிவில் எழுதி வந்திருக்கிறேன். தமிழில் ஒன்று இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் பேசும் நம்மூர்க் குடும்பங்களுக்காக அவ்விரு மொழிகளிலும் பெயர்த்துத்தர இரு அன்பர்கள் தேவை. விழா முடிந்ததும் வாயிலருகே நிற்பேன்.