பௌர்ணமிக்கு மறுநாள்



பௌர்ணமி இரவில் ரமணாசிரம வாசலில் நின்றிருப்பீர்கள். செங்கம் சாலை முழுக்கத் தலைகள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக டீ, சுண்டல், இளநீர், கற்பூரம். அந்தத் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் சாக்கு விரித்து ஒரு பிள்ளை தூங்கும். அதன் அக்காள் சில்லறை எண்ணிக் கொடுப்பாள். விடிந்தால் பள்ளிக்கூடம். எப்படிப் போவார்கள்?

அன்று வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடந்து முடிந்துவிடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோருடன் போய், இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவோ முடிந்திருக்கும். ‘மக்கு’ என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளையின் அறிவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாம் இன்று நினைவுகூரும் அம்மையார் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் சுமந்தவர். விட்டுப்போன பாடத்தை இந்தப் பிள்ளைகள் எப்படிப் பிடிப்பார்கள் என்பதுதான் அவரை வாட்டிய கேள்வி.

பள்ளிக்கு வரும் பிள்ளையின் வயிற்றுக்கு நாம் வழி செய்தோம். 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் விட்டுப்போன பாடத்துக்கு?

அதற்கும் ஒரு வழி வந்தது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், பல வகுப்புகள் ஒன்றாக உட்காரும் கிராமப் பள்ளிகளுக்காக, பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து உருவான முறை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் ‘செயல்வழிக் கற்றல்’ என்று மாநிலம் முழுக்கப் பரவியது. கொலம்பியாவின் மலைக் கிராமங்களிலும் 1970-களிலேயே இதே சிந்தனை பள்ளிகளை மாற்றியிருந்தது: பிள்ளை தன் வேகத்தில் படியேறட்டும்.

அந்த நாட்களில் நம் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் கண்டது. சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை; ஆளுக்கு ஒரு கட்டம். ஒன்பது நாள் கழித்து வந்த சிறுமி, யாரையும் கேட்காமல் பாடப் படிகளைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைத் தேடினாள். தட்டிலிருந்து அட்டையை எடுத்தாள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். 42-இல் 17 போக வேண்டும். இரண்டு உதிரிக் குச்சிகளைப் பார்த்தாள், யோசித்தாள், ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். “பிரிச்சாத்தான் சார் கடன் குடுக்க முடியும்” என்றாள். பாடம் அவளுக்காகக் காத்திருந்தது.

பிறகு இந்த முறை தேய்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை வரவில்லை. பதிவேடுகள் மட்டும் பெருகின. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து அமர்த்துகிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால், மொட்டில் இருக்கும் பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறாள் என்று அவளுடைய ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் நேரத்தை, ஆன்லைன் பதிவேற்ற வேலைகளிலிருந்து மீட்டு, அவருக்குத் திருப்பித் தாருங்கள் என்று அரசை வேண்டுகிறேன்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் வராத பிள்ளைகளின் பெயரை எழுதும்போது, அன்று நடத்திய பாடத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அவர்கள் திரும்பி வரும் காலையில், முதல் அரை மணி நேரம் அந்தக் குறிப்போடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.