கிதாரும் உறுமியும் ஒரே மேடையில்

(நெல்லையில் இளைஞர் கலை விழாவொன்றில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் கிதார்க் குழு ஏறலாமா என்று விழாக் குழுவில் வாதம் நடந்தது. "அது அந்நியக் கருவி, ராக் இசை வெறும் கூச்சல்" என்றார்கள் பெரியவர்கள். "வில்லுப்பாட்டையும் மேளத்தையும் இனி யார் கேட்பார்கள்?" என்றார்கள் இளைஞர்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

அந்நியக் கருவியா? வயலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து! அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி பாலுசாமி தீட்சிதர், எட்டயபுரம் அரசவை வித்வான். இன்று வயலினை அந்நியம் என்பார் உண்டா?

கூச்சலா? கொடை விழாவில் நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி சேர்ந்து நையாண்டி மேளம் முழங்கினால் தெருக்கோடி வரை அதிர்கிறதே, அதுவும் கூச்சல்தானா? வெட்டவெளியில் கூடும் உழைக்கும் மக்களுக்கு உரத்த ஓசை வேண்டும். அந்த ஓசை யாருக்காகப் பேசுகிறது என்பதே கேள்வி.

1990-ல் டில்லியில் 'இந்தியன் ஓஷன்' என்ற குழு உருவாயிற்று. அதன் நடுநாயகம் சுஷ்மித் சென்னின் மரக்கூட்டுக் கிதார். அதில் ராகத்தின் சாயல் இருந்தது. ஆனால் கிதார் வந்ததால் தபேலா வெளியேறவில்லை. அசீம் சக்கரவர்த்தி தபேலா வாசித்துக்கொண்டே பாடினார். பக்கத்திலேயே அமித் கிலமின் டிரம்ஸ் முழங்கியது. கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி 'கந்தீசா' ஆயிற்று. பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் பணியாற்றியவர். அந்தப் பள்ளத்தாக்கின் பாட்டுதான் 'மா ரேவா'. புரட்சிக் கவி கோரக் பாண்டேயின் 'ஹில்லேலே'யையும் இக்குழு பாடியது.

1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத்தில் தொழிலாளர் முன்னே தெரு நாடகம் நடத்திய சப்தர் ஹாஷ்மி குண்டர்களால் தாக்கப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். அவர் நினைவாக 1997 புத்தாண்டு நாளில் இக்குழு டில்லித் தெருவில் வாசித்தது. அந்த இசையே 'டெசர்ட் ரெயின்' என்ற பதிவாக வெளிவந்தது.

தோழர்களே, நம் ஊருக்கு வருவோம். கொடைக்கு வாடகை ஒலிபெருக்கி வந்ததும் மேளக்காரரின் கூலி குறைகிறது. மேடை ஏறினாலும் கிதார்க்காரருக்கு நான்கு மைக், உறுமிக்காரருக்கு ஒன்றுமில்லை. இது கிதாரின் குற்றமா? இல்லை, ஏற்பாடு செய்யும் நம் குற்றம்!

பாட்டுக்குப் பஞ்சமா? நாங்குநேரி தந்த நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்து வைத்தார். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் போலீஸ் தடியடிக்கு ஆளாகி ஆற்றில் விழுந்தார்கள். 17 உயிர்கள் போயின. அந்தத் தாமிரபரணியை உடுக்கையும் கிதாரும் சேர்ந்து பாடட்டும்!

ஆகவே நாம் கேட்பது இதுதான்: உறுமிக்காரர் இல்லாத மேடையில் கிதார் வேண்டாம், கிதாரைக் கண்டு கதவடைக்கும் மேடையும் வேண்டாம். ஒரே மேடை, ஒரே மைக் வரிசை, சமமான கூலி! இதை இந்த விழாவிலேயே தொடங்குவோம்.