பள்ளிப் பருவத்துச் சோதனைகளும் பெற்றோர் கடமையும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதிர்ப்படும் சோதனைகள் யாவை, சகமாணாக்கரின் நெருக்குதலுக்கு இணங்காமல் நிற்க அவர்களுக்கு நாம் செய்யத்தக்க உதவி யாது என்பதே இன்று நாம் ஆலோசிக்க எடுத்துக்கொண்ட விஷயமாகும். நம்மவரிற் கோயிலுக்குச் செல்வோரும் உளர். தேவாலயத்துக்குச் செல்வோரும் உளர். பிள்ளையைப் பற்றிய கவலையில் இவ்விரு திறத்தார்க்கும் பேதமில்லையாதலால், யாவரும் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

சோதனை என்றவுடன், எங்கோ இருந்து ஒரு துஷ்டன் வந்து பிள்ளையைக் கெடுப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. அது பெரும்பாலும் சிநேகிதன் முகத்தோடுதான் வருகிறது. உதட்டினுள் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தை நீட்டுகிறவன் பக்கத்துப் பெஞ்சுக்காரன். பரீட்சையில் விடையைக் காட்டென்று கேட்பவள் உற்ற தோழி. வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பிள்ளையை எல்லாரும் பரிகசிக்கும்போது நகையாமல் இருப்பவன்மேல் அடுத்த பரிகாசம் விழுகிறது. உடன்பயிலும் பெண்ணின் படத்தைக் கைப்பேசியில் பரப்புகிறவர்கள், “நீயும் அனுப்பு” என்கிறார்கள். இவற்றிலெல்லாம் பிள்ளை விரும்புவது பெரும்பாலும் அந்தப் பாவத்தை அன்று. கூட்டத்தைவிட்டுத் தள்ளப்படாதிருப்பதையே அவன் விரும்புகிறான். இதை அறியாத பெற்றோர், நோய் ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்திடுகிறவர் போலாவர்.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. புதிய சாட்சியும் உண்டு. இன்றைய அல்ஜீரியா தேசத்திலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டிற் பிறந்தவர் அகுஸ்தீன். தமது 16ஆம் வயதில் தோழரோடு கூடி, அயலார் மரத்துப் பேரிக்காய்களை இரவில் திருடியதை அவர் பிற்காலத்தில் தமது அறிக்கை நூலில் எழுதிவைத்தார். அவர் வீட்டில் அதனினும் நல்ல பழங்கள் இருந்தன. திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியே இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார் என்பது அம்மகான் ஆராய்ந்து கண்ட முடிவு. அவருடைய தாய் மோனிக்காவோ ஜெபத்தில் குறைவற்றவர். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இச்சோதனை உண்டென்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் இரு மனநூலாராய்ச்சியாளர் 2005ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். 306 பேரை வயதுக்கேற்ப மூன்று வகுப்பாகப் பிரித்து, கார் ஓட்டும் விளையாட்டொன்றைக் கணிப்பொறியில் ஆடச் செய்தனர். தனியே ஆடியபோது 13 முதல் 16 வயதினர்க்கும் பெரியோர்க்கும் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. ஒத்த வயதினர் அருகிருந்து பார்த்தபோதோ, அவ்விளம்பருவத்தார் துணிந்த அபாயம் ஏறக்குறைய இருமடங்காயிற்று; 24 வயது கடந்தோர் மாறவில்லை. அறியாமையினால் மட்டும் பிள்ளைகள் தவறுவதில்லை என்பது இதனால் விளங்கும். வீட்டில் தனியே கேட்டால் நம் மகன் சரியான விடையையே கூறுவான். அந்த விடை நால்வர் நடுவில் அவனுக்கு உதவ வேண்டுமே! ஆகையால் உபதேசம் மாத்திரம் போதாது. பயிற்சியும் துணையும் வேண்டும்.

இனி, செய்யத்தக்கவை யாவை எனப் பார்ப்போம்.

முதலாவது, தீர்மானம் முன்னதாகவே உண்டாக வேண்டும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற தானியேல் அரசனுடைய போஜனத்தைக் குறித்துத் தன் உள்ளத்தில் முன்னரே நிர்ணயம் பண்ணியிருந்தான். அவன் மறுத்த விதமும் கவனிக்கத்தக்கது. கலகம் செய்யவில்லை, எவரையும் ஏசவில்லை. பிரதானியிடம் வேண்டிக்கொண்டான், அவர் அஞ்சியபோது விசாரிப்புக்காரனிடம் சென்று, 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டான். மறுப்பதற்கும் ஒரு மரியாதையான வழியுண்டென்பதை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்கவேண்டும். நீண்ட வியாக்கியானம் அவர்களுக்கு வேண்டுவதில்லை. “எனக்கு வேண்டாம்லே; வா, பந்து விளையாடுவோம்” என்று நகைமுகத்தோடு சொல்லும் ஒரு சொல் பத்துப் பிரசங்கத்தினும் மேலானது. நாமே அந்தத் தோழனாக நடித்து, பிள்ளையை மறுமொழி சொல்லச் செய்து பார்க்கலாம். இரண்டொரு தரம் சிரிப்பு வரும். மூன்றாம் தரம் சொல் வரும்.

இரண்டாவது, ஒரு துணை வேண்டும். தானியேல் தனியனல்லன், அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் மூவர் அவனோடிருந்தனர். சாலமன் ஆஷ் என்னும் அறிஞர் 1950களில் வெளியிட்ட பரிசோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்குப் பலர் வேண்டுமென்றே பிழையான விடை கூறினர். அதைக் கேட்டிருந்த மாணாக்கரும் தம் கண்ணையே நம்பாமல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அவர்களைப் பின்பற்றினர். அக்கூட்டத்தில் ஒரேயொருவன் உண்மை விடையைச் சொன்னபோது அந்தப் பிழை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு நல்ல சிநேகிதனின் பெறுமதி இத்துணையாம்! 1844ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துத் துணிக்கடைச் சிப்பந்தியாயிருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் வாலிபர், தம்மைப்போல் நாட்டுப்புறத்தினின்று வந்து நகரத்துச் சோதனைகளிடையே வாழ்ந்த தோழரைக் கூட்டி ஒரு சிறு ஜெபக் கூட்டத்தை ஏற்படுத்தினார். இன்று உலகமெங்கும் பரவியுள்ள வாலிபர் கிறிஸ்தவ சங்கம் அவ்வாறே உண்டாயிற்று. நம் பிள்ளையின் சிநேகிதர் யார் யார் என்று நமக்குத் தெரியுமா? அவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு வாய் காப்பி அருந்தியதுண்டா? நற்றுணை தேடித் தருவதும் பெற்றோர் கடமையேயாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். நற்றுணை என்பது நம் மதத்துப் பிள்ளை என்று பொருள்படாது. பொட்டலத்தை நீட்டுகிறவன் ஞாயிறுதோறும் நம் பிள்ளையின் அருகே அமர்ந்து கீதம் பாடுகிறவனாகவும் இருக்கலாம். அதைத் தட்டிவிடுகிறவன் விபூதி பூசிய முத்தையனாகவோ, தொழுகை தவறாத காதராகவோ இருக்கலாம். தானியேல் போஜனத்தில் விலகி நின்றான். ஆயினும் கல்தேயரின் கல்வியை அவர்களோடு அமர்ந்தே கற்றான். தீமையை விலக்குகிறோமென்று மனிதரை விலக்குவது கிறிஸ்தவ தர்மம் அன்று. “நாங்கள் பரிசுத்தர்” என்னும் அகந்தையும் ஒரு சோதனையே.

மூன்றாவது, தப்பும் வழியை நாம் திறந்து வைக்கவேண்டும். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டு ஓடினான். ஓடுவதும் வீரமே. நம் மகளோ மகனோ இக்கட்டான இடத்தினின்று தொலைபேசியில் அழைத்தால், காரணம் கேளாமல் உடனே சென்று அழைத்துவர வேண்டும். கேள்விகளை மறுநாட் காலையில் வைத்துக்கொள்ளலாம். “எங்க அப்பா ஒத்துக்கமாட்டாங்க” என்று நம்மைக் காரணம் காட்டவும் பிள்ளைக்கு அநுமதி கொடுப்போம். அதனால் நமக்குக் கண்டிப்பான தகப்பன் என்னும் பெயர் வரின் வரட்டும்.

முற்காலத்தில் மாலை மணி அடித்தவுடன் சகமாணாக்கரின் நெருக்குதல் நின்றுவிடும். இக்காலத்திலோ அது கைப்பேசி வழியே படுக்கை வரையில் தொடர்கிறது. இரவில் வீட்டிலுள்ள கைப்பேசிகள் யாவும் முற்றத்தறையிலேயே உறங்கட்டும். தகப்பனுடையதும் கூடவே உறங்கவேண்டும், இல்லையேல் சட்டம் செல்லாது. சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படத்தைப் பிறர்க்கு அனுப்புவது நம் நாட்டுச் சட்டப்படி பெருங்குற்றமென்பதையும், விளையாட்டென்று சொல்லித் தப்பமுடியாதென்பதையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். கடைக்காரர்க்கும் சட்டமுண்டு. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி 18 வயது நிரம்பாதோர்க்கும், கல்விச்சாலையைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்கலாகாது. நம்மிற் பலர் வியாபாரிகள். பிறர் பிள்ளைக்குப் பொட்டலம் விற்ற கையை ஜெபத்தில் எங்ஙனம் உயர்த்துவது?

இனிக் கூறப்போவது நம் சங்கத்தார்க்குச் சற்றுக் கசப்பாயிருக்கலாம். ஆயினும் கூறாது விடுவது துரோகமாகும். தென்மாவட்டப் பள்ளிகளில் இன்று மிகப் பெரிய நெருக்குதல் மணிக்கட்டில் கட்டும் வர்ணக் கயிறாகும். எந்தச் சாதியான் எந்தக் கயிறு கட்டவேண்டும், யாரோடு அமரவேண்டும், யாரை அடிக்கவேண்டும் என்று பிள்ளைகளே ஒருவர்க்கொருவர் கற்பிக்கிறார்கள். கட்டாதவனைக் கோழை என்கிறார்கள். 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவனும், அவன் தங்கையும், உடன்பயின்ற மாணவரால் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களும் பிள்ளைகளே! அதன் பின்னர்த் தமிழ்நாடு அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூன் மாதத்திற் சமர்ப்பித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு முதலிய அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தார்.

ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறும் பிள்ளையின் கையில் இக்கயிறு ஏறலாமா? ஏறுகிறதென்றால், அதை முதலில் முறுக்கியவர் யார்? வீட்டுத் திண்ணையில் அடுத்த தெருவாரைப் பற்றி நாம் பேசுகிற ஏளனச் சொற்களைப் பிள்ளை கேட்டுக்கொண்டே வளர்கிறான். நாம் சொல்லால் முறுக்கியதை அவன் கையிற் கட்டுகிறான். நம் முன்னோர், பிறர் இழைத்த இழிவை எதிர்த்துக் கல்வி கற்கவும், கைகோத்து நிற்கவும் சங்கங்கண்டனர். இன்னொருவரை இழிவு செய்யப் பிள்ளைகளை அணிவகுக்க அன்று. ஆதலின் நம் சங்கத்து விழாக்களில் மாணாக்கர்க்கு அடையாளக் கயிறோ, சட்டையோ வழங்குவதில்லை என்று இக்கூட்டத்திலேயே நாம் தீர்மானித்தல் வேண்டும். பரிசாகப் புத்தகங்கள் வழங்குவோம். பொதுப்படிப்பகத்தை எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவோம். பெரியோர் கூட்டத்துக்கு அஞ்சாது நிற்பதைக் காணாத பிள்ளை, தானாக அதைக் கற்றுக்கொள்வதெங்ஙனம்? ரெகொபெயாம் அரசனாகும்போது அவன் வயது 41. அப்போதும் முதியோர் சொல்லைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த தோழர் சொல்லைக் கேட்டுப் பத்துக் கோத்திரங்களை இழந்தான். நெருக்குதலுக்கு வயது வரம்பில்லை.

கடைசியாக, விழுந்த பிள்ளையைக் குறித்து ஒரு வார்த்தை. எத்தனை காவல் வைத்தாலும் சில பிள்ளைகள் விழுவார்கள். அன்று பிரம்பெடுத்தால், மறுமுறை விழும்போது அவன் நம்மிடம் வரமாட்டான். விழச் செய்தவரிடமே போவான். முதலில் முழுவதும் கேட்கவேண்டும். பிறகு சேதத்தைச் சரிசெய்ய அவனையே செய்விக்க வேண்டும்: பரிகசித்தவரிடம் மன்னிப்புக் கேட்பது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது முதலியன. எவரேனும் பிள்ளையை மிரட்டினாலும் தீண்டினாலும் குடும்ப மானம் என்று மூடிவைக்கலாகாது; 1098 என்னும் சிறார் உதவி எண்ணைப் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த இரவில், பிறர் மூட்டிய நெருப்பருகே அவர்களோடு குளிர்காய்ந்து நிற்கையில், ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சித் தம் ஆண்டவரை மறுதலித்தார். பின்னர் அதே ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, அவரைச் சாப்பிட அழைத்தார். போஜனம் முடிந்த பின்னரே கேள்வி கேட்டார். கேள்வி முடிந்ததும் வேலையை ஒப்புவித்தார். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையைச் சுற்றிப் பல நெருப்புகள் மூட்டப்பட்டிருக்கின்றன. அவையெல்லாவற்றையும் அணைக்க நம்மால் ஆகாது. அவன் எந்நேரமும் அஞ்சாமல் வந்து குளிர்காயத்தக்க ஓர் அடுப்பு நம் வீட்டில் எரிந்துகொண்டிருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. அதற்கான பொறுமையையும் அன்பையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.