காட்டிக் கொடுக்கும் கருவி



தேர்வறைகளில் நெடுங்காலம் உலவிப் பழகியவன் நான். விடைத்தாளை எட்டிப் பாராமலே, பேனா ஓடும் ஓசையைக் கொண்டு மாணவனுக்கு விடை தெரியுமா தெரியாதா என ஓரளவு சொல்லிவிடுவேன். மறைமொழிப் பொறிகளையும் இவ்வாறு உற்றுக்கேட்க இயலும்.

1943ஆம் ஆண்டு, போர்க்காலம். அமெரிக்கப் படையினர் செய்திகளை மறைக்கப் பயன்படுத்திய தந்திப் பொறியொன்றைப் பெல் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தனர். அதன் மறைமுறையைக் கணக்கால் உடைக்க இயலாது என்பது அறிஞர் துணிபு. ஆயினும் பொறி இயங்குந்தோறும், அறையின் மறுகோடியில் இருந்த அலைகாட்டியில் கூர்முனைகள் எழுந்தன. ஆராய்ந்தபோது அவற்றிலிருந்தே மூலச் செய்தியைப் படிக்க முடிந்தது! மின்னோட்டம் துடித்தால் அலை பரவும். நீங்கள் இப்பொழுது என் பேச்சைக் கேட்பதும் அதனாலன்றோ?

படையினர் நம்பவில்லை. எனவே, நியூயார்க்கில் வாரிக் தெருவிலிருந்த அவர்களுடைய நிலையத்திற்கு எதிரே, 80 அடி தொலைவில் பொறியாளர் அமர்ந்தனர். ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்து, சில மணி நேரத்தில் செய்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக் காட்டினர். பொறியை உலோகத்தால் மூடுதல், கம்பிகளில் வடிகட்டி இடுதல், இரைச்சலால் மறைத்தல் ஆகிய பரிகாரங்களையும் கூறினர். மூடிய பொறி சூடேறியது. பழுது பார்ப்பதும் கடினம். ஆகவே, சுற்றிலும் ஏறக்குறைய 100 அடி விட்டத்திற்குக் காவல் வைத்தால் போதும் என்று விட்டுவிட்டனர். எளிய வழியையே நாடுவது மாணவர்க்கு மட்டும் உரிய குணமன்று.

இன்று மறைபொறி வங்கி அட்டையில் பதித்த சிறு சில்லாகிவிட்டது. 1999இல் பால் கோச்சர், ஜாஃபி, ஜுன் என்போர், சில்லு உண்ணும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் இரகசிய எண்ணை அறியலாம் எனக் காட்டினர். ஆர்.எஸ்.ஏ. எனும் முறையை எடுத்துக்கொள்வோம். அதனை எளிய வழியில் அமைத்தால், இரகசிய எண்ணின் இலக்கம் 0 ஆயின் வர்க்கப்படுத்துதல் மட்டும் நிகழும். 1 ஆயின் பெருக்கலும் சேரும். அவ்வேறுபாடு மின்வரைவில் கண்ணுக்கே புலப்படும்.

அப்படியாயின், 0 வரும்போதும் பயனற்ற பெருக்கல் ஒன்றைச் செய்வித்தால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல வினா. அவ்வாறும் செய்தார்கள். ஆனால், பெருக்கல் நிகழும் கணத்தில் சில்லைச் சற்றே தடுமாறச் செய்து, இறுதி விடை மாறுகிறதா என்று பகைவன் பார்ப்பான். மாறவில்லையெனில் அது வெறும் பெருக்கல். மறைந்திருந்த இலக்கம் 0.